பிடிஎஃப்பில் தெரிவதும் உள்ளே இருப்பதும்

டிடிபி கடையில் தினம் ஒருவராவது சொல்லிவிடுவார்: "பிடிஎஃபா போட்டுக் குடுங்க, அப்பத்தான் எழுத்து மாறாது." சரிதான். வேர்டு ஃபைலை அப்படியே அனுப்பினால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் வரி உடையும், பக்கம் தள்ளும். பிடிஎஃப் ஃபான்ட்டைத் தன்னோடு சுமந்து போகும். 1993இல் அடோபி இதை வெளியிட்டதே எந்தக் கணினியிலும் பக்கம் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்றுதான். 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது.

ஆனால் அது காப்பாற்றுவது பக்கத்தின் தோற்றத்தை. உள்ளே என்ன எழுத்து இருக்கிறது என்பது வேறு கதை.

சங்கச் செயலாளர் ஒருவர் பழைய துணைவிதிகளை பிடிஎஃப்பாகக் கொண்டுவந்தார். இரண்டு விதியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். காப்பி செய்து ஒட்டினேன். வந்தது முழுக்க ஆங்கில எழுத்து. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்தது. பாமினியில் 'அம்மா' என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மேலே போர்த்திய ஃபான்ட்தான் தமிழாகக் காட்டுகிறது. கணினி தமிழை தமிழாகவே அறியும் யூனிகோட் முறைக்கு மாற்றித் தரும் கருவியில் போட்டு மீட்டேன், பிழை பார்க்கத்தான் ஒரு நாள் போயிற்று. யூனிகோடில் அடித்திருந்தாலும் சில பிடிஎஃப்களில் கொம்பும் காலும் இடம் மாறி ஒட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைவிட எனக்குக் கவலை தருவது கறுப்புக் கட்டம். ஆதார் எண்ணின் மேல் வேர்டில் ஒரு கட்டம் வரைந்து, பிடிஎஃப்பாக்கி, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். எண் அழியவில்லை, கட்டத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. தேர்வு செய்து காப்பி எடுத்தால் வந்துவிடும். ஆதாருக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் பிரதியை ஆதார் தளமே தருகிறது, அதை அனுப்புங்கள். மற்றவற்றில் எண்ணை அழித்துவிட்டு, அந்த இடத்தில் எக்ஸ் அடித்து, அப்புறம் பிடிஎஃப்பாக்குங்கள்.

அனுப்புமுன் நான் செய்வது இரண்டே வேலை. பிடிஎஃப்பைத் திறந்து, கண்ணெதிரே தெரியும் ஒரு தமிழ்ச் சொல்லை அதிலேயே தேடிப் பார்ப்பேன்; கிடைக்காவிட்டால் உள்ளே எழுத்து சரியில்லை. பிறகு எல்லாவற்றையும் தேர்வு செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பேன். மறைத்ததாக நினைத்த எண் சில நேரம் அங்கே வந்து நிற்கும்.