வடக்கிருத்தல் ‘சடங்குத் தற்கொலை’ ஆகாது

சங்ககால மன்னன் கோப்பெருஞ்சோழன் ‘சடங்குத் தற்கொலை செய்துகொண்டான்’ என்று மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவருக்குச் சொல் கிடைக்கவில்லை, இரண்டை ஒட்டினார். தமிழில் எழுதுகிறவருக்கு என்ன பஞ்சம்? புறநானூறே ‘வடக்கிருந்த’ என்று சொல்லி வைத்திருக்கிறது.

வடக்கு நோக்கி அமர்ந்து, உணவு துறந்து, உயிர் விடுதல். ‘நோன்பிருத்தல்’ என்பதில் வரும் அதே ‘இருத்தல்’தான். சொற்பிறப்பு இவ்வளவே.

‘தற்கொலை’ என்றதும் கொலையும் குற்றமும் யாரும் அறியாத தனிமையும் மனத்தில் வந்து நிற்கின்றன. சோழனோ ஊரறிய அமர்ந்தான். சான்றோர் உடன் அமர்ந்தனர். அதுவரை நேரில் கண்டிராத நண்பர், புலவர் பிசிராந்தையார் வருவார் என்று நம்பி, அவருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான். புலவர் பொத்தியாரை மட்டும், மகன் பிறந்தபின் வா என்று திருப்பி அனுப்பினான். புறநானூற்றின் 222ஆம் பாட்டில் பொத்தியாரே இதைச் சொல்லி, என் இடம் எது என்று நடுகல்லாகிவிட்ட நண்பனைக் கேட்கிறார். தற்கொலை என்ற சொல்லுக்குள் இதில் எது அடங்கும்?

‘சடங்கு’ இன்னும் மோசம். சடங்கென்றால் முறைப்படி எல்லாரும் செய்ய வேண்டியது. வெண்ணிப் போரில் புறப்புண் (முதுகில் காயம்) பட்ட சேரமான் பெருஞ்சேரலாதனை எந்த முறையும் கட்டாயப்படுத்தவில்லை. அவன் வடக்கிருந்ததற்கு நாணம் ஒன்றே காரணம். வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேராகவே, அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று புலவர் வெண்ணிக் குயத்தியார் கேட்டுவிட்டார்.

சிலர் ‘உண்ணாவிரதம்’ என்று எழுதித் தப்பிக்கிறார்கள். அது இன்று கோரிக்கை வைத்து, பழச்சாறு குடித்து முடிப்பது. சேரன் யாரிடம் என்ன கோரினான்?

இதற்காக, இன்று மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்பவரை ‘வடக்கிருந்தார்’ என்று மேடையில் புகழ்வதையும் ஏற்க முடியாது. அது தற்கொலைதான், தடுத்திருக்க வேண்டிய சாவு.

சமணர் உணவு துறந்து உயிர்விடும் சல்லேகனையை அப்பெயராலேயே சொல்லலாம். உடலையும் பற்றையும் மெலியச் செய்வது என்பது அதன் பொருள். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தற்கொலையாகக் கருதித் தடுத்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தமிழில் பொதுவாகச் சொல்ல வேண்டுமானால், செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றுக் கல்வெட்டைப் பாருங்கள். 57 நாள் உண்ணாதிருந்து மறைந்த சந்திரநந்தி ஆசிரியரை அது ‘அனசனம் நோற்ற’வர் என்கிறது. அனசனம், உண்ணாமை என்று பொருள்படும் வடசொல். அதை நீக்கி ‘உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்தார்’ என்று எழுதினால் யாருக்குத்தான் புரியாது?