செப்சிஸ்: எந்த ரத்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது?

செப்சிஸ் உண்டா இல்லையா என்று ஒரே அடியாகச் சொல்லிவிடும் ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. அதனால்தான் டாக்டர்கள் பல டெஸ்டுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு சர்க்கரை நோயாளிக்குக் காலில் குச்சி குத்திச் சீழ் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டும் அடங்கவில்லை. குளிர் காய்ச்சல், மூச்சிரைப்பு, சம்பந்தமில்லாத பேச்சு. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டி வருகிறார்கள். புண் காலில்தான், ஆனால் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்பே கட்டு மீறி மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கத் தொடங்கிவிட்டது. அதுதான் செப்சிஸ்.

முதலில் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட். தோலை நன்றாகத் துடைத்து, ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை ரத்தம் எடுப்பார்கள். இரண்டு கைகளிலும் தனித்தனியாக எடுப்பதற்குக் காரணம் உண்டு: தோலில் சாதாரணமாக வாழும் கிருமி ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தால், அது ஊசி வழியாக ஒட்டி வந்ததாக இருக்கலாம். பாட்டில்கள் உடல் சூட்டிலேயே கருவிக்குள் இருக்கும். கிருமி வளர்ந்து கார்பன் டை ஆக்சைடு விட்டதும் கருவி எச்சரிக்கும். இதற்கு ஓரிரு நாள் ஆகும், சில சமயம் 5 நாள் வரை காத்திருப்பார்கள். மருந்தை அதுவரை நிறுத்தி வைக்க முடியாது. ரத்தம் எடுத்ததுமே ஆன்டிபயாடிக் ஏற்றிவிடுவார்கள். முன்பே போட்ட மாத்திரை கிருமியை அமுக்கி வைத்திருந்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். ஆகவே மாத்திரை அட்டையைத் தயங்காமல் காட்டுங்கள், திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.

கிரியாட்டினின் (சிறுநீரகம்), பிலிருபின் (கல்லீரல்), தட்டணுக்கள் (ரத்தம் உறைதல்) எல்லாம் எந்த உறுப்பு அடி வாங்கியிருக்கிறது என்பதைக் காட்டும்.

உடம்பு திணறும்போது ரத்தத்தில் கூடும் பொருளான லாக்டேட் அளவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் கவனம், 4 என்றால் ஆபத்து. ஆனால் வலிப்பு வந்தாலும், கல்லீரல் கெட்டிருந்தாலும் இது ஏறும். லாக்டேட் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. செப்சிஸ் இருந்தும் ஏறாதவர்கள் உண்டு.

சிஆர்பி என்ற புரதம் கல்லீரலில் உருவாவது, எந்த அழற்சிக்கும் கூடும். ரத்தத்தில் அளக்கும் இன்னொரு பொருளான புரோகால்சிடோனின் பாக்டீரியா தொற்றில் அதைவிடக் கூர்மையாக ஏறும் என்றாலும், பெரிய ஆபரேஷன், தீக்காயத்திலும் ஏறுவதால் மருந்து தொடங்கலாமா என்பதை அதை வைத்து முடிவு செய்வதில்லை. அதன் உண்மையான பயன் பின்னால்தான். நோயாளி தேறிவரும்போது, உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கியிருந்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது பற்றி டாக்டர் யோசிக்கலாம்.