குளிர்காலம் முழுக்க நின்ற ரோட்டரி இன்ஜின் ஏன் அடம்பிடிக்கிறது?

பனி கொட்டும் நாடுகளில் ரோட்டரி இன்ஜின் பொருத்திய மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களை வைத்திருப்பவர்கள் பலர் குளிர்காலம் தொடங்கியதும் வண்டியை ஷெட்டில் நிறுத்தி மூடிவிடுவார்கள். சாலையில் கொட்டும் உப்பு அடிப்பாகத்தை அரித்துவிடும் என்ற பயம். பனி உருகியபின் சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றும், பெட்ரோல் வாசனை வரும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. பிஸ்டன் இன்ஜின் என்றால் இன்னும் நாலு தடவை முயன்றால் பெரும்பாலும் ஓடிவிடும். ரோட்டரியில் அப்படி விடாமல் முயல்வதே வினையாகிவிடும்.

ஜெர்மனிக்காரரான ஃபெலிக்ஸ் வாங்கெலின் யோசனையில் பிறந்த இந்த இன்ஜின், என்எஸ்யு என்ற ஜெர்மன் வாகன நிறுவனத்தில் 1957-ல் முதன்முதலாக ஓடியது. இதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. நடுவில் லேசாக ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள், பக்கங்கள் உப்பிய முக்கோண ரோட்டர் ஒன்று சுற்றுகிறது. ரோட்டரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடம் மாறி மாறி விரிந்து சுருங்கும். காற்றை உள்ளே இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது எல்லாம் அந்த இடத்தில்தான் நடக்கின்றன. ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் மையத் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும்.

சிக்கல் ரோட்டரின் மூன்று முனைகளில் இருக்கிறது. ஒவ்வொரு முனையிலும் அபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய பட்டை சுவரை உரசிக்கொண்டே போகும். பக்கத்து அறைக்கு அழுத்தம் கசியாமல் காப்பது அதுதான். மாஸ்டா பொறியாளர்களை 1960-களில் அதிகம் வதைத்ததும் இதே பட்டைதான். அது அதிர்ந்து அதிர்ந்து சுவரில் கீறல் போட்டது. அந்தக் கீறல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பேயின் நகக்கீறல்’. கார்பனும் அலுமினியமும் கலந்த சீலைக் கொண்டு அதைத் தீர்த்த பிறகுதான் 1967-ல் மாஸ்டாவின் ரோட்டரி காரான காஸ்மோ விற்பனைக்கு வந்தது.

சீலைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது எது? அடியில் ஒரு சிறிய ஸ்பிரிங் உண்டு, ஆனால் அதன் பலம் கொஞ்சம்தான். இன்ஜின் ஓடும்போது மையவிலக்கு விசை சீலை வெளியே தள்ளும். அதைவிட முக்கியமாக, அறையிலுள்ள வாயு சீலின் பின்புறம் புகுந்து அதைச் சுவரை நோக்கி அழுத்தும். அதாவது அழுத்தம் உருவாகச் சீல் அடைக்க வேண்டும், சீல் நன்றாக அடைக்க அழுத்தம் வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது தண்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 250 சுற்று. ரோட்டருக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் மையவிலக்கு விசை பேருக்குத்தான் இருக்கும். இடைவெளியை அடைத்துக் காப்பாற்றுவது சுவரில் படிந்த ஆயில் படலம்.

மாதக்கணக்கில் நிற்கும் காரில் அந்த ஆயில் மெல்லக் கீழே வடிந்துவிடும். அப்புறம் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது, குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் திரவமாகவே நின்று, மிச்சமிருந்த ஆயிலையும் கழுவிவிடும், பிளக்கையும் நனைக்கும். அழுத்தம் இன்னும் குறையும். மறுபடி சாவியைத் திருகினால் உள்ளே இன்னும் கொஞ்சம் பெட்ரோல். பேட்டரியும் குளிரில் சோர்ந்திருந்தால் சுற்றும் வேகமே குறைந்து, எல்லாம் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை பேட்டரிதான். முழுக்க சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். கூலன்ட், ஆயில் அளவுகளைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது என் பார்வையில் மிக முக்கியமானது: பெட்ரோல் இல்லாமல் சுற்றவிடுவது. ஃபியூயல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பத்து விநாடி வரை ஸ்டார்ட்டரைச் சுற்றி, அது சூடாறச் சற்று இடைவெளி விட்டு மறுபடி சுற்றுங்கள். ஆர்எக்ஸ்-8-ல் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சுற்றினாலே பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் நின்றுவிடும். இப்படிச் செய்தால் ஆயில் பம்ப் வேலைசெய்து பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச்சேரும், சீல்களும் தங்கள் பள்ளத்தில் அசைந்துகொடுக்கும். நெடுநாள் நின்ற வண்டியானால் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ரோட்டர் அறையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டுச் சுற்றுவது இன்னும் நல்லது. பிளக் நனைந்து நின்றுபோன வண்டியையும் இதே வழியில்தான் மீட்பார்கள்: பெட்ரோலை நிறுத்து, உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்று, பிளக்கைக் காயவை, ஆயில் விடு.

பிறகு ஃபியூஸை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். பிடித்ததும் நீலம் கலந்த புகை கொஞ்ச நேரம் வரும். நாம் விட்ட ஆயில் எரிகிறது, பயம் வேண்டாம். இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். ரோட்டரி இன்ஜின் இரும்பும் அலுமினியமும் அடுக்கடுக்காக வைத்து இறுக்கியது. அடுக்குகளுக்கு நடுவிலுள்ள ரப்பர் வளையம் பழுதாகிக் கூலன்ட் உள்ளே கசிவதன் அறிகுறி அது.

ஓடத் தொடங்கிய இன்ஜினை முழுதாகச் சூடேறும் முன் அணைக்கவே கூடாது. குளிர்ந்த நிலையில் அணைத்தால் அதிகப்படியான பெட்ரோல் உள்ளேயே தங்கி, அடுத்த ஸ்டார்ட் சிக்கலாகிவிடும். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது வண்டிக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். ரோட்டரிக்கு அது கெடுதல். அதைவிடப் புது ஆயில் மாற்றி, டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, வசந்தம்வரை தொடாமல் விட்டுவிடலாம்.

இத்தனை செய்தும் பிடிக்கவில்லையா? அழுத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். சாதாரண கேஜ் ஒரே ஓர் உச்ச எண்ணைத்தான் காட்டும். ரோட்டரின் மூன்று பக்கங்களில் எது பலவீனம் என்று அதில் தெரியாது. மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரிக்கான சோதனைக் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள்.