கோயாகுலேஷன்: உறைதலா, திரட்டலா?

ஏரித் தண்ணீரைக் குடிநீராக்கும் நிலையங்களில் ஆலம் என்ற படிகார வகை உப்பைக் கலப்பது அன்றாட வேலை. அந்த ஆலம் தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களை ஒன்றுசேர வைப்பதற்குத்தான் கோயாகுலேஷன் என்று பெயர். தமிழில் 'உறைதல்' என்பார்கள். ரத்தத்துக்குச் சரி. தண்ணீர் உறைந்தது என்றால் ஐஸ் ஆகிவிட்டதோ என்றுதானே தோன்றும்?

'உறை'யைக் குறை சொல்லவும் முடியாது. லத்தீனில் கோயாகுலும் என்பது பாலைத் திரிய வைக்கும் உறைபொருள். அதன் வேர்ச்சொல்லுக்கு ஒன்றாக ஓட்டிச் சேர்ப்பது என்று பொருள், மாடுகளைப் பட்டிக்கு ஓட்டுவது போல.

தண்ணீரில் நடப்பதும் அதுதான். பாசிச் செல்கள், மக்கிய இலைதழையிலிருந்து ஊறிய பழுப்புப் பொருள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் லேசில் அடியில் தங்காது. ஆலத்தின் அலுமினியம் நேர்மின்னூட்டத்தோடு வந்து அந்தத் தள்ளலை அடக்க, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கூடுகின்றன. (நிலையத்து ஆலம் அலுமினியம் சல்ஃபேட். சவரம் செய்தபின் தேய்க்கிற படிகாரம் அதன் பொட்டாசிய உறவு.)

எவ்வளவு ஆலம் போடுவது என்பதை ஜார் டெஸ்டில் பார்ப்பார்கள். வரிசையாகக் கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு. முதலில் வேகமாக ஒரு கலக்கு. அப்புறம் துடுப்பு மெல்லச் சுற்றும். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஊசிமுனைப் புள்ளிகள், அவை கூடிப் பஞ்சுத் துணுக்குகள். இதற்குப் பெயர் ஃப்ளாக்; லத்தீனில் கம்பளி மயிர்க்கற்றை. இந்த நேரத்தில் துடுப்பை வேகமாக்கினால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

நமக்கு வேண்டிய சொல் பழமொழியிலேயே இருக்கிறது. தானே கூடினால் திரளல், நாம் கூட்டினால் திரட்டல். கோயாகுலேஷனுக்குத் திரட்டல், ஃப்ளாக்குக்குத் திரளை என்பேன்.

பாசியைக் குளோரின் போட்டுக் கொன்றால் போதாதா? செத்த பாசி உடைந்து உள்ளிருப்பதைத் தண்ணீரில் கக்கும், மண்வாடையும் வரலாம். போதாததற்கு, கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் முதலான ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற கேடான சேர்மங்கள் உண்டாகும் என்று 1974இல் ராட்டர்டாம் குடிநீர் நிலைய வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் காட்டினார். கிருமிநீக்கக் குளோரினுக்கு முன்பே முடிந்த மட்டும் திரட்டி வடிகட்டிவிடுவது இதனால்தான்.

இன்னொரு பழைய சொல்லும் உண்டு: தேற்றல். மண்பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால் தெளியும். தேற்றா மரத்தின் பழம்பெயர் இல்லம். காதலனைச் சேர்ந்து மனம் தெளிந்தவளைக் கலித்தொகை, இல்லத்தின் விதையால் தேற்றிய கலங்கல் நீருக்கு ஒப்பிடுகிறது. மனசைத் தேற்றுவதும் நீரைத் தேற்றுவதும் ஒரே வினை. ஆனால் இது தெளிய வைக்கும் முழு வேலைக்குமான சொல்; திரட்டல் அதில் ஒரு படி. திரளைகள் அடியில் தங்கி நீர் தெளிகிற தொட்டியான கிளாரிஃபையரைத் தெளிவிப்பான் என்று எழுதுவார்கள். எனக்கென்னவோ தேற்றுத்தொட்டி என்பதுதான் பிடித்திருக்கிறது.