கோப்பின் வாலைப் பார்த்துவிட்டுத் திறவுங்கள்

சேலம் ஐந்து ரோடு பகுதியில் 15 ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்த்து வருகிறேன். வைரஸ் புகுந்துவிட்டது என்று என்னிடம் வரும் வீட்டுக் கணினிகளில் பலவற்றிலும் தொடக்கம் ஒன்றுதான்: மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பை, அது என்ன கோப்பு என்று பார்க்காமலே யாரோ திறந்திருப்பார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு சேர்த்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவர் தம் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். "தெரிஞ்ச வியாபாரி பேர்லதாங்க ஆர்டர் வந்துச்சு, தம்பி. திறந்தா ஒண்ணுமே வரலை, அதனால மறுபடியும் அழுத்தினேன்" என்றார். மறுநாள் காலையில் கணக்குகளும் மகளின் கல்யாணப் படங்களும் திறக்கவில்லை. திறப்பதற்குப் பணம் கேட்டு ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் இருந்தது.

அந்தக் கடிதத்தை நான் பார்த்தேன். அதில் வந்த ஜிப் கோப்புக்கு, அதாவது வேறு கோப்புகளைச் சுருக்கி உள்ளே வைக்கும் பொட்டலத்துக்கு, கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார்கள். கடவுச்சொல்லையும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார்கள். பூட்டையும் சாவியையும் ஒன்றாக அனுப்புகிறவர் நம்மிடமிருந்து எதையும் மறைக்கவில்லை. உள்ளே இருப்பதை வைரஸ் தடுப்பு மென்பொருள் சோதித்துவிடக் கூடாது என்பதற்காகவே பூட்டுகிறார். உள்ளே இருந்த கோப்பு பிடிஎஃப் சின்னத்தோடு, பெயரின் முடிவில் 'பிடிஎஃப்' என்றே காட்டியது. உண்மையில் அதற்குப் பின்னால் 'இஎக்ஸ்இ' என்ற வால், அதாவது கோப்பின் வகையைச் சொல்லும் பெயர் முடிவு, ஒன்று இருந்தது. அது ஆவணம் அன்று, இயங்கும் நிரல். தெரிந்த வகைக் கோப்புகளின் வாலை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடுவதால் அவர் கண்ணில் அது படவில்லை.

இது புதிய தந்திரம் அன்று. 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸும் சாதாரண எழுத்துக் கோப்பைப் போல வேடமிட்டு, 'விபிஎஸ்' என்ற வாலை மறைத்துக்கொண்டுதான் வந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. எனவே, அனுப்பியவர் பெயர் தெரிந்த பெயராக இருப்பது மட்டும் ஒருபோதும் உத்தரவாதமாகாது. எதிர்பாராமல் ஆர்டரோ பில்லோ வந்தால், திறப்பதற்கு முன், கடிதத்தில் உள்ள எண்ணில் அல்லாமல், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அவரை அழைத்துக் கேளுங்கள்.

மறைந்திருக்கும் வாலைக் காட்டச் செய்வது அரை நிமிட வேலை. விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். வேர்டு, எக்செல் கோப்புகள் 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால் அழுத்தாதீர்கள். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை, அதாவது ஆவணத்துக்குள் ஒளிந்து இயங்கும் சிறு நிரல்களை, மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கத் தொடங்கிவிட்டது. அந்தத் தடையை நீக்கச் சொல்லி வழிகாட்டும் கடிதத்தை உடனே அழித்துவிடலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளே வீட்டுக்குப் போதுமானது என்பது என் கருத்து. ஆனால் அப்டேட்டை நிறுத்தி வைக்கக் கூடாது.

பெரியவரிடம் பேக்கப் டிஸ்க் இருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அது எந்நேரமும் கணினியில் செருகியே இருந்ததால், கணினியோடு சேர்ந்து அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. வாரம் ஒருமுறை நகலெடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி, வெள்ளி வைக்கும் பீரோவிலேயே வையுங்கள்.

தவறித் திறந்துவிட்டால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையவழி மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். கேட்ட பணத்தைக் கொடுத்தாலும் கோப்புகள் திரும்பும் என்ற உறுதி இல்லை. சில வகை வைரஸ்களுக்கான திறவுகோல்களை, 2016இல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பிறரும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளம் இலவசமாக வெளியிடுகிறது. பெரியவரின் கோப்புகளுக்கு அங்கே இன்னும் திறவுகோல் வரவில்லை. ஆயினும் அந்த டிஸ்க்கை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவ்வப்போது போய்த் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.