ஒரே மெயிலுக்குள் இரண்டு விலை

மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் பதறிப்போய் அழைத்தார். அவர் அனுப்பிய கொட்டேஷனில் விலை 480 ரூபாய், ஆனால் 430 என்று ஆர்டர் வந்திருக்கிறது, மெயிலை நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்றார். யாரும் மாற்றவில்லை. அந்த ஒரே மெயிலுக்குள் இரண்டு விலையும் இருந்தன.

நாம் ஒரு கடிதம் என்று நினைக்கும் மெயில் பெரும்பாலும் ஒரு பொட்டலம். அதே செய்தி வெறும் எழுத்தாக ஒரு முறை, கலரும் டேபிளுமாக, வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லில் இன்னொரு முறை என்று இரண்டு பிரதிகள் உள்ளே போகும். எளியது முதலில், அலங்காரமானது கடைசியில். 1992-ல் போரென்ஸ்டீனும் ஃப்ரீடும் எழுதிய, மெயிலுக்குள் பல துண்டுகளை எப்படி அடுக்குவது என்று சொல்லும் மைம் விதிமுறையில் இருந்தே இதுதான் வரிசை. திறக்கும் மென்பொருள் தனக்குப் புரிகிறவற்றில் கடைசியாக இருப்பதைக் காட்டும், வெறும் எழுத்து போதும் என்று அமைத்து வைத்தவர்களுக்கு முதல் பிரதிதான் தெரியும். என் வாடிக்கையாளர் தரப்பில் பழைய டெம்ப்ளேட்டில் எச்டிஎம்எல் பக்கம் மட்டும் விலையைத் திருத்தியிருந்தார்கள், வாங்குபவரோ எழுத்துப் பிரதியைப் படித்திருக்கிறார். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தி இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாகக் காட்டிய பிறகுதான் வாடிக்கையாளர் நம்பினார்.

அட்டாச்மென்டும் அதே பொட்டலத்தில் இன்னொரு துண்டுதான். மெயில் எழுத்துகளுக்காக உருவானது என்பதால் ஃபைலின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாறிப் போகிறது. 20 எம்பி ஃபைல் வழியில் 27 எம்பியைத் தாண்டிவிடும், 25 எம்பி வரம்புள்ள சர்வர் திருப்பி அனுப்பிவிடும். அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட்டாக அனுப்பினால் சில இடங்களில் வின்மெயில்.டேட் என்று திறக்க முடியாத ஒன்றுதான் போய்ச் சேரும், எச்டிஎம்எல்லுக்கு மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையான கவலை வேறு. ஃபைலின் பெயரும் வகையும் அனுப்பியவர் எழுதிக்கொடுத்தவை, அவ்வளவுதான். 2000 மே மாதம் உலகத்தைச் சுற்றிய ஐலவ்யூ வைரஸ் வந்தது டிஎக்ஸ்டி.விபிஎஸ் என்று முடியும் ஃபைலாக. விபிஎஸ் என்று முடிந்தால் அது திறந்ததும் இயங்கும் நிரல். விண்டோஸ் கடைசி விபிஎஸ்ஸை மறைத்துவிட, பலர் கண்ணுக்கு அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். இன்றைக்கும் விண்டோஸ் அப்படித்தான் மறைக்கிறது. அதனால் இப்போதே ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிடுங்கள், அப்புறம் பில்.பிடிஎஃப் என்று வந்ததன் வாலில், நிரல் என்று காட்டும் இஎக்ஸ்இ ஒட்டியிருந்தால் உங்கள் கண்ணிலேயே படும்.