காவலை விலக்குவதற்கும் ஒரு காவல்

மூட்டைகளைப் பேலட் எனப்படும் மரத்தட்டில் அடுக்கும் தானியங்கி இயந்திரத்தின் வாயிலில் இரண்டு கம்பங்கள் எதிரெதிரே நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்கள் வரிசையாகப் பாய்ந்துகொண்டிருக்கும். லைட் கர்ட்டன் எனப்படும் இந்த ஒளித்திரையை ஓர் ஆள் ஊடறுத்தால் உள்ளே இருக்கும் இயந்திரம் நின்றாக வேண்டும். ஆனால் அடுக்கி முடித்த பேலட்டும் அதே வாயில் வழியாகத்தான் வெளியே வருகிறது. அதற்கும் சேர்த்து இயந்திரம் நின்றுகொண்டிருந்தால் வேலை நடக்காது. திரையை அணைத்துவிட்டால் ஆளைக் காக்க எதுவும் இருக்காது.

ஒளித்திரை காப்பதே தூரத்தை நம்பித்தான். கை நீளும் வேகத்தை நொடிக்கு 2,000 மி.மீ. என்று ஐஎஸ்ஓ 13855 தரநிலை கணக்கில் கொள்கிறது. உலோகத்தை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ்ஸின் முன்னால் உள்ள திரை கையைக் கண்டு, மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ரிலே விழுந்து, இயந்திரம் முழுமையாக நிற்க மொத்தம் 0.15 நொடி ஆகுமென்றால், அதற்குள் கை 300 மி.மீ. முன்னேறியிருக்கும், ஆகவே திரை குறைந்தது அவ்வளவு தள்ளி நிற்க வேண்டும். இது 14 மி.மீ. தடிமனையும் கண்டுகொள்ளும், அதாவது விரலைக்கூடத் தவறவிடாத, நெருக்கமான கதிர்கள் உள்ள திரைக்கான கணக்கு. கண்டறியும் அளவு 30 மி.மீ. என்றால் கதிர்களுக்கிடையே விரல்கள் நழுவி நுழையக்கூடும் என்பதால், இன்னும் 128 மி.மீ. கூட்ட வேண்டும். பிரேக் தேய்ந்து நிற்கும் நேரம் நீண்டால், திரை பழுதின்றி இருந்தும் காவல் பொய்த்துப்போகும்.

பேலட்டுக்கு வழிவிடும் ஏற்பாட்டை மியூட்டிங் என்பார்கள். வாயிலில் இரண்டு தனி ஒளிக்கதிர்களைப் பெருக்கல் குறிபோல் குறுக்காக அமைத்து, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியை ஒளித்திரைக்குச் சற்று அப்பால், ஆபத்துப் பகுதியின் உட்புறத்தில் வைக்கிறார்கள். உள்ளிருந்து வரும் அகலமான பேலட் இரண்டு கதிர்களையும் ஏறக்குறைய ஒரே கணத்தில் மறைத்துவிடும். வெளியிலிருந்து நடந்து வரும் மனிதரின் உடல் அவ்வளவு அகலமில்லை. இரண்டையும் ஒருசேர மறைக்க வேண்டுமானால் அவர் அந்த வெட்டுப்புள்ளிக்கே போய்ச் சேர வேண்டும், அதற்குள் ஒளித்திரையை ஊடறுத்து இயந்திரத்தை நிறுத்தியிருப்பார். இரண்டு கதிர்களும் குறித்த சில நொடிகளுக்குள் மறைந்தால் மட்டுமே இயந்திரத்தின் கட்டுப்படுத்தி அதைப் பேலட் என ஏற்று, ஒளித்திரையைச் சற்று நேரம் பொருட்படுத்தாமல் விடும். பேலட் கடந்ததும் திரை தானாகவே உயிர்பெற்றுவிடும். வெறும் வடிவக் கணிதத்தைக் கொண்டே பொருளையும் ஆளையும் பிரித்தறியும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ஆனால் பேலட்டுக்கும் கம்பத்துக்கும் இடையே ஓர் ஆள் ஒட்டி நுழையுமளவு இடைவெளி விட்டுவைத்தால் கணிதம் தோற்றுவிடும்.

மின்தடையால் பேலட் வாயிலின் நடுவிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது? மின்சாரம் திரும்பினாலும், திரை மறைந்திருப்பதால் இயந்திரம் ஓடாது. ஓடாததால் பேலட் நகராது. இங்குதான் சாவி போட்டு இயக்கும் ஓவர்ரைடு சுவிட்ச் தேவைப்படுகிறது. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை மட்டுமே கன்வேயர் நகரும். கையை விட்டதும் ஸ்பிரிங் அதைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். பிடித்தே இருந்தாலும், அமைத்த நேரம் கடந்ததும் ஓட்டம் நின்றுவிடும். ஆபத்துப் பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், அதே சமயம் உள்ளே நிற்பவருக்கு எட்டாத இடத்தில் அந்தச் சுவிட்ச் இருக்க வேண்டும்.

இயந்திரத்தின் காவல் கதவைத் திறந்துவைத்துச் செட்டிங் பார்க்கும் வேலைக்கும் இதே தர்க்கம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42/ஈசி இயந்திர ஆணை இதற்கு நான்கு நிபந்தனைகளை ஒருசேர விதித்தது: மற்ற இயக்க முறைகள் அனைத்தும் முடக்கப்பட வேண்டும், அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டுமே இயந்திரம் நகர வேண்டும், வேகத்தையோ விசையையோ குறைப்பது போல ஆபத்தைக் குறைத்த நிலையில் மட்டுமே அது இயங்க வேண்டும், இயந்திரத்தின் சென்சாரைத் தற்செயலாகத் தொட்டாலும் ஆபத்தான அசைவு பிறக்கக் கூடாது. நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே குனிந்து வேலை பார்ப்பவரின் முழங்கை ஒரு லிமிட் சுவிட்சில் பட, வேலைப்பொருள் வந்துவிட்டதாக எண்ணி காற்றழுத்தத்தில் இயங்கும் ஒரு சிலிண்டரின் தண்டு பாயக்கூடும்.

ரோபோக்களில் இந்த நிபந்தனைகள் கையளவு கருவியில் அடங்கிவிடுகின்றன. ரோபோவுக்கு அசைவுகளைக் கற்பிக்கக் கையில் பிடிக்கும் டீச் பெண்டன்ட்டின் பின்புறத்தில் மூன்று நிலைகள் கொண்ட ஒரு பொத்தான் இருக்கும். தொடாவிட்டால் ரோபோ நகராது. பாதி அழுத்தினால் நகரும், அதுவும் நொடிக்கு 250 மி.மீ. வேகத்துக்கு மேல் போகாது. முழுவதும் அழுத்திவிட்டால் மறுபடியும் நின்றுவிடும். திடுக்கிடும் மனிதர் கையில் இருப்பதைக் கீழே போடுவார், அல்லது இறுகப் பற்றிக்கொள்வார். எதைச் செய்தாலும் ரோபோ நிற்க வேண்டும் என்பதே அந்த மூன்றாம் நிலையின் காரணம். இறுகப் பற்றிய விரல்கள் தளரும்போது பொத்தான் நடுநிலையைக் கடந்துதான் வெளியே வரும். அந்தக் கணத்தில் ரோபோ மீண்டும் உயிர்பெறாதபடியும் வடிவமைத்திருக்கிறார்கள்.

இப்படி முறையான வழி இல்லாத இயந்திரங்களில் தொழிலாளர்கள் தாமே ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். கதவில் உள்ள நாக்குப் போன்ற உலோகத் துண்டு சுவிட்சுக்குள் நுழைந்தால்தான் இயந்திரம் ஓடும் என்றால், அதே போன்ற உதிரி நாக்கு ஒன்று யாராவது ஒரு ஃபிட்டரின் டூல் பெட்டிக்கு வந்து சேரும். ஜெர்மனியில் விபத்துக் காப்பீட்டு அமைப்புகள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, உலோகத் தொழிலில் ஏறத்தாழ 37 விழுக்காட்டுக் காவல் கருவிகள் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ ஏமாற்றப்படுவதாக மதிப்பிட்டது. இதைத் தொழிலாளரின் அசட்டுத் துணிச்சல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கதவை மூடிவைத்து வெட்டுமுனையைப் பார்க்கவே முடியாதென்றால், குற்றம் இயந்திரத்தின் வடிவமைப்பு வரைபடத்திலேயே தொடங்குகிறது. ஐஎஸ்ஓ 14119 தரநிலையும், உதிரி நாக்கு எளிதில் பொருந்தாதபடி ஆயிரத்துக்கு மேற்பட்ட வேறுபாடுகள் கொண்ட உயர்நிலைக் குறியீட்டு நாக்குகளைப் பற்றிப் பேசுவதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வேலைக்கும், காவலை ஏமாற்றாமல் இதைச் செய்ய முடியுமா, ஏமாற்றினால் எளிதாகுமா, விரைவாகுமா என்று வடிவமைப்பாளரையே கேட்டுப்பார்க்கச் சொல்கிறது.

வேலை முடிந்து கதவை மூடுவதால் மட்டும் இயந்திரம் புறப்பட்டுவிடக் கூடாது, ஏனெனில் உள்ளே இன்னொருவர் இருக்கலாம். வெளியே நின்று உள்ளே முழுவதும் பார்த்தபின் ரீசெட் பொத்தானை அழுத்தி, விரலை எடுக்க வேண்டும். அழுத்தும்போது அல்ல, விரலை எடுக்கும்போதுதான் கட்டுப்படுத்தி அதைச் செல்லுபடியாக்கும். அழுந்திய நிலையில் சிக்கிக்கொண்ட பொத்தானை அது அனுமதியாக எடுத்துக்கொள்ளாது. ரீசெட் ஆனபிறகும் இயந்திரம் ஓடாது. ஸ்டார்ட் பொத்தானைத் தனியாக அழுத்த வேண்டும்.